சாராயம் தவிர கொழும்பு முழுவதையும் வாங்கியவர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினொரு பேர், செயலாளர் என்று பிடித்து உட்கார வைக்கப்பட்ட நான், பிள்ளைக் காம்பராவின், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின், தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு குழந்தைகள். வராதவர்கள்: மேற்படி பெண்களின் கணவன்மார், ஏனென்றால் அன்று சாராயத் தவறணை திறந்திருந்தது. தொழிற்சங்கத் தலைவர், ஏனென்றால் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். தோட்ட மேலாளரான பெரிய துரை, ஏனென்றால் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நடுவில், குழந்தைகள் உட்காரும் குட்டி வாங்கு ஒன்றில், முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்கார்ந்திருந்தவர்தான் தவிர ஐயா. சட்டைப் பையில் இருபத்தேழு ரூபாயை வைத்துக்கொண்டு கொழும்புப் பங்குச் சந்தை முழுவதையும் வாங்கப் புறப்பட்ட மனிதர் இந்தத் தீவில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறும் எங்கள் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அலுவலகப் பதிவேட்டில் மூன்று வரி நீளத்துக்கு இருந்தது என்பார்கள்; நாங்கள் ஒரு சொல்லில் முடித்துக்கொண்டோம். அவரைப் போல எதையும் முழுதாக ஏற்றுக்கொண்டவரும் இல்லை, அதில் ஒன்றைக் கழிக்காமல் விட்டவரும் இல்லை. கோயில் சாப்பாட்டில் பதினெட்டுக் கறி வைத்தாலும் சாப்பிடுவார், பூசணிக்காய் தவிர. பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிப்பார், ஆசிரியர் தலையங்கம் தவிர. “அது அவையின்ர அபிப்பிராயம். எனக்கு என்ர அபிப்பிராயம் இருக்கு” என்பார். அவருடைய குவார்ட்டர்ஸில் எல்லாச் சன்னலும் திறந்திருக்கும், தெற்குச் சன்னல் தவிர. காரணம் கேட்டால், “அதுக்கு ஒரு காரணம் இருக்கு” என்று காரணம் சொல்லுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் வேலை பார்த்த அந்த மனிதர் தேத்தண்ணி தவிர எல்லாம் குடிப்பார். காலையில் மல்லித்தண்ணி. பகலில் மோர். சனிக்கிழமை பின்னேரம் கருவாட்டுப் பொரியலோடு ஒரு கால் போத்தல் சாராயம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அவருக்கு அது பிறகு பெரிய தலையிடியாகப் போகிறது.

கூட்டம் எதற்காக என்று சொல்ல வேண்டும். தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளிடம் ஒப்படைத்த பிறகு, தொழிலாளிக்கும் சொந்தம் இருக்கட்டும் என்று ஆளுக்கு நூறு பங்கு இலவசமாகத் தந்தார்கள். பங்கு என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கோயில் கிடாய் வெட்டிய அன்று இலையில் கட்டித் தருவது. இதுவோ காகிதமாக வந்தது. அழகான காகிதம், ஓரத்தில் பூவேலை. என் அம்மா அதைத் தகரப் பெட்டியின் அடியில் விரித்து, மேலே சேலைகளை அடுக்கினார். பக்கத்துக் காம்பராவில் சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து டவுனிலிருந்து ஒரு முதலாளி வேனில் வந்தார். காகிதத்தைக் கொடுத்தால் ஒரு குடையும் அரை டசின் கண்ணாடித் தம்ளரும் தருவதாகச் சொன்னார். மேல் லயத்தில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். அன்று மழை பெய்ததால் முதலாளியின் வியாபாரம் இன்னும் சூடு பிடித்தது.

செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து செருப்பு இல்லாமலே ஓடிவந்தார் தவிர ஐயா. லயத்து வாசலில் நின்று கத்தினார்.

“தோட்டத்தை வித்துக் குடை வாங்கிறியளோ? தோட்டத்தை வித்தா மழையில எங்க போய் நிப்பியள், குடை பிடிக்க?”

காமாட்சியக்கா அப்போதுதான் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குடை, வளைந்த பிடி. அவர் எங்கள் லயத்தில் யாருக்கும் பயப்படாத மனுஷி. கங்காணியே அவரிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

“அப்ப இந்தக் காகிதத்த வச்சிக்கிட்டு நாங்க என்னாங்கய்யா செய்யுறது? தண்ணி ஊத்தினா முளைக்குமா?”

“முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு வாங்கோ, சொல்லுறன்.”

காமாட்சியக்கா குடையை மடக்கி முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். தம்ளரில் ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது. அதற்குக் காசு கேட்ட முதலாளியிடம் அக்கா பேசியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தவிர ஐயா ஒரு கடிதத்தை எடுத்தார். லண்டனில் இருக்கும் அவருடைய மருமகன் எழுதியது. அங்கே சுட்டெண் நிதி என்று ஒன்று இருக்கிறதாம். எந்தக் கம்பனி நல்லது, எந்தக் கம்பனி கெட்டது என்று மண்டையை உடைக்காமல் சந்தையில் உள்ள எல்லாக் கம்பனியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பதாம். ஐயா மூன்று மாதம் அந்தக் கடிதத்தோடேயே தூங்கி எழும்பியிருக்கிறார்.

“எல்லாத்துலயுமா? ஏன், நல்லதாப் பாத்து ஒண்ண வாங்குனா என்னாங்க?” என்று அம்மா கேட்டார்.

“துரைமார் தோட்டம் வாங்கேக்க ஒவ்வொரு செடியாத் தடவிப் பாத்தோ வாங்கினவை? மலையோட வாங்கினவை. ஒரு செடி பட்டுப்போகும், ஒரு செடி கொழுந்தாக் கொட்டும். மலை நிக்கும். நாங்களும் மலையோட வாங்குவம்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செடி என்றதும் விளங்கிவிட்டது. பங்குச் சந்தையைப் பற்றி நான் பிற்காலத்தில் வாசித்த தடித்த புத்தகங்கள் எதுவும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று முடிவானது. ஐயா உற்சாகமாகப் பத்திரிகையின் விலைப்பட்டியலை விரித்து, வங்கி, சீமெந்து, பிஸ்கட், ஹோட்டல், நூல், துணி என்று வாசித்துக்கொண்டே போனார். அவருடைய வாழ்க்கையில் முதன்முதலாக எதையும் கழிக்காமல் ஒரு பட்டியலை முழுதாக ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் செயலாளராகக் குறிப்பெடுத்தேன்.

“... சாராயம்,” என்று வாசித்தார் ஐயா.

“அது வேணாங்க,” என்றார் காமாட்சியக்கா.

“எது?”

“சாராயக் கம்பனி. அது மட்டும் வேணாம்.”

ஐயா முழங்கால்களுக்கு இடையிலிருந்து தலையை நீட்டினார். “பிள்ளை, எல்லாத்திலையும் வாங்கிறதுதான் முறை. அதுவும் இது நல்ல லாபம் வாற கம்பனி. ஒரு வருசமும் நட்டப்பட்டதில்லை.”

“எப்பிடிங்க நட்டப்படும்? அந்த லாபம் எங்க வீட்டுலருந்துதானே போவுது.”

யாரும் சிரிக்கவில்லை. காமாட்சியக்காவின் புருஷன் சம்பள நாளன்று வீட்டுக்கு வரும் வழியில் சம்பளத்தைத் தவறணையில் இறக்கி வைத்துவிட்டு வருகிறவர். மற்ற வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

“ஒரு பக்கம் அந்தாளு கொண்டுபோய்க் குடுப்பாரு, இன்னொரு பக்கம் நானும் கொண்டுபோய்க் குடுக்கிறதா? ஒரு சதம் அங்க போவாதுன்னு சொல்லுங்க, ஐம்பது ரூவா தாறேன். இல்லாட்டி எனக்கு அந்தக் குடையே போதும்.”

பதினொரு பேரும் தலையாட்டினார்கள். தவிர ஐயா பட்டியலைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். செக்ரோலில் வேலைக்கு வராதவனின் பெயரை வெட்டுகிற அதே பேனை.

“சரி. ஒரு சதம் போகாது. இது என்ர வாக்கு,” என்று சொல்லி ஒரு கோடு இழுத்தார்.

வந்தது வினை. ஒன்றை வெட்டினால் பக்கத்தில் உள்ளது கண்ணில் படும் அல்லவா?

“பியர்?” என்றார் ஒரு அக்கா. வெட்டப்பட்டது.

“ஹோட்டல்ல வெள்ளைக்காரனுக்கு ஊத்திக் குடுக்குறாங்களே?” என்றார் இன்னொருவர்.

“கண்ணாடிக் கம்பனி? போத்தல் அவன்தானே செய்யுறான்?” இது என் அம்மா.

“சீனி? சீனி இல்லாமக் கசிப்புக் காய்ச்ச ஏலாதே!”

சிவப்புப் பேனை அந்தரத்தில் நின்றது. “சீனியையும் வெட்டினா தேத்தண்ணியை என்னத்தோட குடிக்கிறது?” என்று கெஞ்சினார் ஐயா.

“நீங்கதான் தேத்தண்ணியே குடிக்கிறதில்லையே!”

“சிகரெட்?” என்று நான் எழும்பிக் கேட்டேன். படித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கடமை இருந்தது.

“சுருட்டு என் மாமியா குடிக்குது. பாவம், இருந்துட்டுப் போவட்டும்,” என்றார் காமாட்சியக்கா. பிறகு கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கித் தீர்ப்புச் சொன்னார். “போத்தல் செய்யுறவன் வேல செய்யுறான். சீனி விக்கிறவன் யாவாரம் செய்யுறான். ஊத்துறவனும் ஊத்துறவனுக்குச் சொந்தமானதும் மட்டும் வேணாம். அவ்வளவுதான்.”

இதைவிடத் தெளிவான முதலீட்டுக் கொள்கையை எந்த வங்கியிலும் நான் கண்டதில்லை. அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நடந்ததை அலுவலகக் காவல்காரன் சொல்லித்தான் தோட்டம் அறிந்தது. வழக்கமான கால் போத்தலை வாங்கிவரக் காசுக்காக அவன் போய் நிற்க, ஐயா சட்டைப் பையில் கையை விட்டார். கை வெளியே வரவில்லை.

“நான் பதினொரு பேரின்ர காசுக்குப் பொறுப்பு. நான் குடிச்சா அவன்ர லாபம் கூடும். அப்ப நான் ஆருக்கு வேலை செய்யிறன்?” என்று கேட்டாராம்.

“எனக்கு எப்பிடிங்கய்யா தெரியும்?” என்றானாம் காவல்காரன்.

“தெரியாட்டிப் போ. கருவாடு மட்டும் வாங்கிக்கொண்டு வா.”

அதைத் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை தோட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. செக்ரோலில் இரண்டு வருடத்துக்கு முந்திய பிழைகளைக் கண்டுபிடித்தார். கங்காணிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்துச் சரியில்லை என்றார். ஒரு கங்காணி, கும்பிட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து அவருக்கு ஒரு போத்தல் கொடுங்கள், காசு நான் தருகிறேன் என்று என்னிடமே வந்தார். நாலாவது சனிக்கிழமை ஐயா அமைதியானார். கருவாட்டுப் பொரியலோடு மோர் குடிக்கப் பழகிவிட்டாராம்.

கணக்குத் திறக்கக் கொழும்புக்குப் போனோம். ஐயா, கூட்டுக் கையெழுத்துக்குக் காமாட்சியக்கா, சிங்களம் பேச நான். ஐயாவின் சிங்களம் இரண்டு சொல்லில் ஆரம்பித்து மூன்றாவது சொல்லில் ஆளைச் சிக்க வைக்கும் சிங்களம்.

கொழும்புக்குள் நுழையுமுன் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் பையைத் திறக்கச் சொன்னார்கள். பைக்குள் ஒரு வேட்டி, ஒரு மோர்ப் போத்தல், நாலாக மடித்த ஒரு காகிதம். இன்ஸ்பெக்டர் காகிதத்தை விரித்தார். கொழும்பில் உள்ள பெரிய கம்பனிகள் எல்லாவற்றின் பெயரும் வரிசையாக. சிலவற்றின் மேல் சிவப்புக் கோடு.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. “மே மொனவாத?” இது என்ன என்று கேட்டார்.

நான் பேச வேண்டிய இடம் அது. பாடசாலையில் பரிசு வாங்கிய என் சிங்களம் முழுவதும் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அதற்குள் ஐயா முந்திக்கொண்டார்.

“ஒக்கோம கன்ன ஓனே,” என்றார். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டு பொலிஸ்காரர்கள் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.

“அரக்கு எப்பா,” என்று அவசரமாகச் சேர்த்தார் ஐயா. சாராயம் வேண்டாமாம்.

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போனார். எல்லாக் கம்பனியையும் எடுக்க வந்தவன் சாராயக் கம்பனியை மட்டும் ஏன் மன்னித்து விடுகிறான்? அப்போதுதான் பஸ் படியிலிருந்து காமாட்சியக்கா இறங்கினார். சந்தைக்குப் போய்ப் போய்ப் பழகிய சிங்களம் அவருடையது. தண்ணீர் மாதிரி ஓடும்.

“மஹத்தயா, கொஞ்சம் கேளுங்க,” என்று ஆரம்பித்தார். நூறு பங்கு, குடை, தம்ளர், புருஷன், சம்பள நாள், தவறணை எல்லாம் வந்தன. நடுவில் புருஷன் போல நடந்தும் காட்டினார். ஒரு பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். “இந்தச் சிவப்புக் கோட்ட நான்தான் போடச் சொன்னேன். பிடிக்கிறதுன்னா என்னயப் பிடிங்க,” என்று முடித்தார்.

இன்ஸ்பெக்டர் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “என் மனைவி கையில் இதைக் கொடுத்தால் அவளும் இதே கோட்டைத்தான் போடுவாள்,” என்றார் சிங்களத்தில். பிறகு ஐயாவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டார். “இதில் எது நல்ல கம்பனி?”

“ஒக்கோம,” என்றார் ஐயா.

“இல்லை, விசேஷமாக எது?”

“ஒக்கோம.”

“ஒன்று மட்டும் சொல்லுங்கள், யாருக்கும் சொல்லமாட்டேன்.”

“ஒக்கோம!”

மனுஷன் ரகசியத்தை விடமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தரகர் அலுவலகத்துக் கழுத்துப்பட்டிக்காரர் அவ்வளவு மரியாதை காட்டவில்லை. எல்லாக் கம்பனியிலும் பத்துப் பத்துப் பங்கு என்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். ஐயா நல்ல தமிழில் கேட்டார்.

“எங்கட தோட்டத்துக் கடையில சாமான் சீட்டுக் குடுத்தா கால் றாத்தல் பருப்பு, அரைக்கால் றாத்தல் மிளகாய் எண்டு முப்பது சரை கட்டித் தருவினம். நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு தரேலாதோ?”

கடைசியில் கழுத்துப்பட்டிக்காரர் மாதம் மூன்று கம்பனி என்று சம்மதித்தார். இருநூற்றுச் சொச்சம் கம்பனியை மாதம் மூன்று வீதம் வாங்கி முடிக்க ஐந்தரை வருடத்துக்கு மேலாகும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் தம்பி, உமக்கு எங்கயும் அவசரமாப் போக இருக்கோ?”

எந்த மூன்றை முதலில் வாங்குவது? அதில்தான் எங்கள் பெண்கள் லண்டன்காரரை வென்றார்கள். சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? கம்பனிப் பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, சுருட்டி, பால்மாத் தகரத்தில் போட்டுக் குலுக்கினோம். பிள்ளைக் காம்பராக் குழந்தை ஒன்று மாதாமாதம் மூன்று சீட்டு எடுக்கும். ஒரு மாதம் எடுத்த சீட்டை ஒரு குழந்தை வாயில் போட்டு விழுங்கிவிட்டது. மிச்சச் சீட்டுகளை எல்லாம் பிரித்து, எது குறைகிறதென்று பட்டியலோடு ஒத்துப்பார்த்தோம். குறைந்தது ஒரு வங்கி. வங்கியை விழுங்கிய அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறது, கணக்கில் சுமார்.

சீட்டு விழுந்த கம்பனி அந்த மாதம் யாருடைய முறையோ அவருக்குச் சொந்தம் என்று எப்படியோ ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் அம்மாவுக்கு ஒரு பிஸ்கட் கம்பனி. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த பிஸ்கட்தான், வேறு பிஸ்கட் வாங்கி வந்தவர்களுக்குச் சரியான வரவேற்பு இல்லை. சீமெந்துக் கம்பனி விழுந்த அக்கா, கோயில் மடத்துக்கு வேறு சீமெந்து வந்து இறங்கியதைப் பார்த்து லொறிக்காரனோடு சண்டைக்குப் போனார். நூல் கம்பனி காமாட்சியக்காவுக்கு. லயத்தில் யாருடைய சட்டையிலாவது பொத்தான் கழன்றிருந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்று வருடம் இப்படிப் போனது. அந்த மூன்று வருடத்தில் தவிர ஐயா பட்ட பெருமைக்கு அளவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, “என்ன பிள்ளை, உங்கட வங்கி எப்பிடி?” என்று விசாரிப்பார்.

பிறகு ஒரு நாள் காலையில் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, நான் படிப்பித்துக்கொண்டிருந்த தோட்டப் பாடசாலைக்கே வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மூலையைக் காட்டினார். எங்கள் தோட்டக் கம்பனியின் பெரும்பகுதிப் பங்குகளைச் சாராயம் விற்கிற பெரிய கம்பனி ஒன்று வாங்கிவிட்டது. நாங்கள் சிவப்புக் கோடு போட்ட அதே கம்பனி.

ஊத்துகிறவனுக்குச் சொந்தமானது. காமாட்சியக்காவின் தீர்ப்பு என் குறிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. பெண்களின் நூறு நூறு பங்கு, நிதிக்கே அத்திவாரமாக இருந்த ஆயிரத்து நூறு பங்கு, இப்போது தவறணைக்காரனோடு கூட்டு.

“ஐயா, இப்ப வித்தா பங்கு பதினஞ்சு ரூவாதான் போகும்,” என்றேன். “புதுசா வந்தவங்க காசு உள்ளவங்க. விலை ஏறத்தான் போவுது. இது இங்கிலீஷ் பேப்பருங்க. லயத்துல ஒருத்தரும் வாசிக்கப் போறதில்ல. ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஓம். ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் ஐயா. பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். “என்னைத் தவிர.”



ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. அதே குட்டி வாங்கு. மூன்று வருடமாக மலை மலை என்று பேசியவர் அன்று அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. பத்திரிகையை வாசித்துத் தமிழில் சொன்னார். “நான் தந்த வாக்கு உடைஞ்சுபோச்சு. நான் உடைக்கேல்லை, ஆனா உடைஞ்சு கிடக்கு. இனி உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லாட்டி, இண்டைக்கே எல்லாத்தையும் பிரிச்சுத் தாறன்.”



“அப்ப நாங்க பறிக்கிற கொழுந்தும் சாராயக்காரனுக்குத்தானா?” என்று கேட்டார் ஒரு அக்கா. “வேலைய விட்டுறணுமா?”

“எதுக்கு விடணும்?” காமாட்சியக்கா எழும்பினார். “சம்பளம் அவன்கிட்டேருந்து நாம வாங்குறது. எங்க வீட்டுலருந்து போன சல்லி, வாங்கத்தான் வேணும், நல்லா வாங்குவோம். பங்குன்னா அவன் லாபத்துக்கு நாம காத்துக்கிட்டிருக்கிறது. எம்புருஷன் இன்னும் ரெண்டு கிளாஸ் குடிக்கட்டும்னு நானே காத்துக்கிட்டு இருக்கிறதா? அத வித்துருங்கய்யா.”

நான் எழும்பி, விலை ஏறுவதற்கான காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினேன். படித்தவன் பேச்சை அமைதியாகக் கேட்டார்கள். பிறகு விற்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது பதினொரு கையும் மேலே போனது. என் அம்மாவுடையதுதான் முதலில்.

தவிர ஐயா கை தூக்கவில்லை. அங்கத்தவர் இல்லையாம். ஆனால் கிளாக்கர் என்ற முறையில் தனக்குக் கிடைத்திருந்த பங்குகளையும் அதே நாளில் விற்றார். அதைக் கணக்கில் எழுதப்போன என் பேனையைப் பிடித்துக்கொண்டார்.

“இனியும் எங்க சல்லி உங்ககிட்டதான் இருக்கும்,” என்று காமாட்சியக்கா சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. அன்று முதன்முதலாக, யாரோ நீட்டிய தேத்தண்ணியைக் கவனியாமல் வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகு கண்டுபிடித்து, ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன மாதிரியே விலை ஏறியது. இருபது, முப்பது, கடைசியில் ஐம்பது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சீட்டுப்போட்டு வாங்கியவை எல்லாம் தன்பாட்டுக்கு வளர்ந்தன. சில பட்டுப்போயின, சில கொட்டின, மலை நின்றது.

ஐயா ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது நிதியைப் பிரித்தோம். ஒருவர் மகளுக்குத் தோடு எடுத்தார், ஒருவர் கூரைத் தகரம் மாற்றினார், காமாட்சியக்கா தையல் மிஷின் வாங்கினார். நான் லாபக் கணக்கை வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“லாபத்தை மட்டும் வாசிச்சா அது கணக்கில்லை. என்ர வாக்கால இவைக்குப் போனதையும் வாசியும்.”

வாசித்தேன். பதினைந்துக்கு விற்று ஐம்பதுக்கு ஏறிய ஆயிரத்து நூறு பங்கு, பங்குக்கு முப்பத்தைந்து ரூபாய் வீதம், முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆளுக்கு எவ்வளவு தம்பி?” என்று கேட்டார் காமாட்சியக்கா.

“மூவாயிரத்து ஐந்நூறு, அக்கா.”

“இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்.” முந்தானைக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்து ஐயாவின் மடியில் வைத்தார். உள்ளே பட்டு வேட்டியும் சால்வையும். “ஆளுக்கு இருநூத்தம்பது போட்டு எடுத்தோம். ரெண்டாயிரத்து எழுநூத்தம்பது. அதையும் கூட்டு தம்பி, இதுவும் இவரால வந்த செலவுதானே.”

கூட்டினேன். ஐயா குறிப்புப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் கூட்டினார். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை அவரால் கூட்ட முடியவில்லை. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

சாராயக்காரனோடு கூட்டு வேண்டாம் என்றதற்கும், அந்த வாக்கைக் காப்பாற்றிய மனிதரைப் பட்டு உடுத்தி வழியனுப்பியதற்கும் சேர்த்து, எங்கள் பெண்கள் பதினொரு பேருக்கும் ஆன மொத்தச் செலவு நாற்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.